கை போகிற இடத்தில் பழையது இல்லை: விண்டோஸ் 11-க்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கோத்தகிரியில் ஐப்பசி அடைமழை தொடங்குகிற சமயம் அது. அந்த வாரம் முதல் என் சிறிய கணினிக் கடைக்கு வந்தவர்களில் பலர், புதிய பதிப்புக்கு மாறியதும் கணினி பழுதாகிவிட்டது என்று சொல்லித்தான் வந்தார்கள். திறந்து பார்த்தால் பழுது எதுவும் இருக்காது. கோப்புகள் இருக்கும், மென்பொருள்கள் இருக்கும், அச்சு இயந்திரமும் வேலை செய்யும். அரவேணுப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகளாகப் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதிவரும் அக்கா ஒருவர்தான் குறையைச் சரியாகச் சொன்னார்: "தம்பி, எல்லாம் உள்ளதான் இருக்கு. ஆனா என் கை போற எடத்துல ஒண்ணுமே இல்ல."

அவர் கணினியில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. நாம் குறுக்குவழி என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு வேறுபட்ட பழக்கங்கள். ஒன்று, இடத்தைப் பற்றிய பழக்கம்: திரையின் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பொத்தான் இருக்கும், வலது கீழ் மூலையைச் சொடுக்கினால் டெஸ்க்டாப் வரும், ரைட் கிளிக் செய்தால் ஐந்தாவது வரியில் வேண்டியது இருக்கும் என்று கண் பார்க்காமலே மவுஸ் போகிற பழக்கம். மற்றொன்று, விசையைப் பற்றிய பழக்கம்: கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நகலெடுக்கும் என்பது போன்றது. இயங்குதளம் மாறும்போது இடங்கள் பெருமளவில் மாறுகின்றன. விசைகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே தொலைந்துபோன ஒவ்வோர் இடத்தையும் பழையபடி கொண்டுவரப் போராடுவதை விட, எளிதில் மீட்கக்கூடிய சில இடங்களை மட்டும் மீட்டுக்கொண்டு, மற்றவற்றுக்கு ஈடான விசையைக் கைக்குப் பழக்குவதே நல்ல வழி என்பது என் கருத்து. கீழே உள்ள முறை முழுவதும் அந்த எண்ணத்தில் அமைந்தது.

மாறுவதற்கு முன் ஒரு வாரம்

இன்னும் மாறாதவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கணினியின் பக்கத்தில் வையுங்கள். ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 'இடம்' என்றும் வலப்பக்கம் 'விசை' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம், வேலை செய்யும்போதே, நீங்கள் யோசிக்காமல் செய்கிற ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தில் குறித்து வாருங்கள். இது முதல் நாள் கடினமாக இருக்கும், ஏனென்றால் யோசிக்காமல் செய்வதைக் கவனிப்பதே ஒரு தனி வேலை. ஆனால் மாறிய பிறகு 'ஏதோ ஒன்று இல்லை' என்று மட்டும் தெரிந்து, அது என்னவென்று பெயர் சொல்லத் தெரியாமல் தவிப்பதை இந்த ஒரு பக்கம் தவிர்க்கும். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களின் இடப்பக்கம்தான் நீளமாக இருக்கிறது.

நோட்டோடு சேர்த்து, டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் (திரையின் கீழ் விளிம்பில் உள்ள பட்டை) ஸ்டார்ட் மெனுவையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் எந்த வரிசையில் இருந்தது என்பது பின்னர் தேவைப்படும். விசைப்பலகைப் பட்டியலையும் படம் எடுங்கள். விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பட்டையை அழுத்தினால் அந்தப் பட்டியல் திரையில் வரும். டெஸ்க்டாப்பில் உள்ள குறுக்குவழிப் படங்களுக்கு யாராவது முன்பு தனி விசை வைத்துக் கொடுத்திருந்தால், ஒவ்வொன்றின் மீதும் ஆல்ட், எண்டர் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். 'ஷார்ட்கட் கீ' என்ற கட்டத்தில் அது எழுதியிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்புகளை வேறு ஒரு வட்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்து வைப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கணினியால் விண்டோஸ் 11-ஐத் தாங்க முடியுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 64 பிட் செயலி, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள்; இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான் ஏற்கப்படுகின்றன. தகுதி இல்லாத கணினியை ஏதோ ஒரு தந்திரத்தால் மாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம், அலுவலகக் கணக்கு உள்ள கணினியைக் கொடுக்க வேண்டாம். வீட்டுப் பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை 2026 அக்டோபர் 13 வரை பெறும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் நம் மலைக்காரர்கள் கூடுதல் கவனம் காட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பியின் மேல் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இயங்குதளம் மாறிக்கொண்டிருக்கும்போது பாதியில் மின்சாரம் போவது நல்லதல்ல. யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியை மழை நாளில் தொடாதீர்கள். மடிக்கணினியாக இருந்தால் முழுவதும் சார்ஜ் ஏற்றிவிட்டு, மின் இணைப்பையும் கழற்றாமல் தொடங்குங்கள். அதேபோல், மாதக் கடைசியில் விவசாயிகளுக்கு இலைப் பணம் கணக்குப் பார்க்கிற நாள்களிலும், ஏப்ரல், மே சீசனில் விடுதி நிரம்பி வழிகிற நாள்களிலும் இதைச் செய்ய வேண்டாம். கை தடுமாறப்போவது உறுதி. தடுமாறுவதற்கு அவகாசம் உள்ள வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மணி நேரம்: தமிழைத் திரும்பக் கொண்டுவருதல்

மாறி முடிந்து திரை வந்ததும் பெரும்பாலோர் முதலில் ஸ்டார்ட் பொத்தானைத்தான் தேடுகிறார்கள். நான் வேறு வரிசையைப் பரிந்துரைக்கிறேன். முதலில் விசைப்பலகையைச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் அது சரியில்லாவிட்டால் மற்ற எதையும் தேடக்கூட முடியாது. ஸ்டார்ட் மெனுவைத் திறந்து மென்பொருளின் ஆங்கிலப் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும், அது வந்துவிடும் என்பது விண்டோஸ் 10-இலும் 11-இலும் உள்ள வசதிதான். ஆனால் விசைப்பலகை தமிழில் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் அடிப்பது தமிழ் எழுத்தாகப் போய், தேடல் 'எதுவும் இல்லை' என்று சொல்லும். மென்பொருளே அழிந்துவிட்டது என்று பயந்து ஒருவர் கட்டபெட்டிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு நடந்தது இவ்வளவுதான்.

விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பட்டியலைப் பாருங்கள். மாறிய பின் அதில் அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம், இந்திய ஆங்கிலம் என்று வேண்டாதவையும் சேர்ந்து நிற்பது உண்டு. அப்படி நின்றால், முன்பு ஒரே அழுத்தத்தில் தமிழுக்குப் போன கை இப்போது மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கும். 'செட்டிங்ஸ்' சென்று, 'டைம் அண்ட் லாங்வேஜ்', அதற்குள் 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' திறந்து, இந்திய ஆங்கிலத்தையும் தமிழையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். இந்திய ஆங்கிலத்தை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த விசைப்பலகையில் வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ₹ குறி வரும்; அமெரிக்க ஆங்கிலத்தில் வராது. இலைப் பணத்துக்கு ரசீது அடிக்கிறவர்களுக்கும் விடுதிக்கு பில் போடுகிறவர்களுக்கும் 'ரூபாய்க் குறி காணாமல் போய்விட்டது' என்று வரும் குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இதுதான்.

தமிழுக்குள் எந்த விசைப்பலகை என்பது அடுத்த கேள்வி. தமிழ் என்ற வரியின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, மொழித் தெரிவுகளுக்குள் சென்று, 'ஆட் எ கீபோர்ட்' என்பதை அழுத்தினால், தமிழ் 99, ஒலியியல் முறை, அஞ்சல் முறை ஆகிய தட்டச்சு முறைகள் அங்கேயே கிடைக்கின்றன. தமிழ் 99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு. இடக்கைக்கு உயிரெழுத்துகளும் வலக்கைக்குப் பெரும்பாலான மெய்களும் வருமாறு வகுத்தது. புதிதாகத் தமிழ்த் தட்டச்சு கற்கிற பிள்ளைகளுக்கு நான் இதையே சொல்லித் தருகிறேன். ஆனால் பல ஆண்டுகளாக வேறு முறையில் அடித்துப் பழகிய பெரியவர்களை, இயங்குதளம் மாறுகிற அதே வாரத்தில் தட்டச்சு முறையையும் மாற்றச் சொல்வது நியாயமில்லை. அவர்கள் பயன்படுத்திய தமிழ்த் தட்டச்சு மென்பொருளையே திரும்ப நிறுவிக் கொடுங்கள். அத்தகைய மென்பொருள்களில் ஆல்ட் விசையோடு ஓர் எண்ணை அழுத்தித் தமிழுக்கு மாறுவது வழக்கம். நிறுவிய பிறகும் அந்த விசை வேலை செய்யவில்லை என்றால், கணினி தொடங்கும்போது அந்த மென்பொருள் தானாகத் தொடங்கவில்லை என்று பொருள். 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'ஸ்டார்ட்அப்' என்ற பக்கத்தில் அதன் பொத்தானைப் போட்டுவிட்டால் சரியாகும்.

விண்டோஸின் சொந்த விசைப்பலகையைப் பயன்படுத்துகிறவர்களும் மொழிக்கென்று தனி விசை வைத்துக்கொள்ளலாம். 'டைம் அண்ட் லாங்வேஜ்' பகுதியில் 'டைப்பிங்', அதற்குள் 'அட்வான்ஸ்டு கீபோர்ட் செட்டிங்ஸ்', அதன் கீழே 'இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ்' என்ற இணைப்பு உண்டு. அது பழைய தோற்றத்தில் ஒரு சிறு பெட்டியைத் திறக்கும். தமிழைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்க ஆல்ட், ஷிஃப்ட் இரண்டோடும் ஓர் எண்ணைச் சேர்த்து வையுங்கள். ஆங்கிலத்துக்கு வேறோர் எண். ஸ்பேஸ் பட்டையை அழுத்தி அழுத்தி வட்டம் சுற்றுவதை விட இது மேலானது, ஏனென்றால் இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்று பார்க்காமலே வேண்டிய மொழிக்குப் போய்விடலாம். அதே பக்கத்தில், ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி மொழியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரு கட்டம் இருக்கிறது. வேர்டில் தமிழ்க் கடிதமும் எக்செலில் ஆங்கிலக் கணக்குமாக மாறி மாறி வேலை செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் தேர்வு செய்யுங்கள்.

மீட்கக்கூடிய இடங்கள்

இனி ஸ்டார்ட் பொத்தானுக்கு வருவோம். 2021 அக்டோபர் 5-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 11, அதை நடுவுக்கு நகர்த்தியது. 1995-இல் விண்டோஸ் 95 வந்த நாள் முதல் இடது ஓரத்தில் இருந்து பழகிய பொத்தான் அது. 2012-இல் விண்டோஸ் 8 அதை அடியோடு எடுத்துவிட்டு, மறு ஆண்டே 8.1 பதிப்பில் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இடத்தின் மீது மனிதக் கைக்கு எவ்வளவு பிடிப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த முறை மீட்பது எளிது. டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' சென்று, 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்ற பகுதியை விரித்து, 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' என்று மாற்றுங்கள். அதே பகுதியில், திரையின் கடைசி மூலையைச் சொடுக்கினால் டெஸ்க்டாப் தெரியும்படி செய்கிற கட்டமும் இருக்கிறது. உங்கள் கணினியில் அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

அதே இடத்தில் உள்ள இன்னொரு தெரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அக்காவுக்கு உண்மையான நஷ்டம் வந்தது இதனால்தான். அவர் கணினியில் எப்போதும் இரண்டு எக்செல் கோப்புகள் திறந்திருக்கும்: ஒன்றில் அன்றாட இலை எடை, மற்றொன்றில் முந்தைய மாதக் கணக்கு. பழைய டாஸ்க்பாரில் இரண்டும் பெயரோடு தனித்தனிப் பட்டைகளாக நின்றன. மாறிய பிறகு அவை ஒரே படமாக ஒடுங்கிவிட்டன. அவர் கை பழக்கத்தில் அந்தப் படத்தைத் தொட, முன்னால் வந்த கோப்பில், ஒரு காலை முழுவதும் நாற்பது விவசாயிகளின் எடையை முந்தைய மாதக் கணக்கில் ஏற்றிவிட்டார். நல்லவேளையாக எடைச் சீட்டுகள் கையில் இருந்ததால் மாலைக்குள் திருத்த முடிந்தது. விண்டோஸ் 11 வெளிவந்தபோது இதை மாற்ற வழியே இல்லை. 2023-இல் வந்த புதுப்பித்தலில்தான் பழைய முறை திரும்பக் கிடைத்தது. 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்' என்ற வரியை 'நெவர்' என்று வையுங்கள். ஒரே மென்பொருளில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து வேலை செய்கிற யாரும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

ரைட் கிளிக் மெனு சுருங்கியது அடுத்த பெரிய இழப்பு. நகல், வெட்டு, ஒட்டு ஆகியவை வரிகளாக இல்லாமல் சிறு படங்களாகிவிட்டன. கோப்பைப் பென் டிரைவுக்கு அனுப்ப நாம் பயன்படுத்திய 'சென்ட் டு' என்ற வரி முதல் பார்வையில் காணவே காணாது. அது 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போயிருக்கிறது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனுவும் நேரடியாக வரும். விசைப்பலகையிலேயே செய்ய விரும்பினால் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், எஃப் 10 இரண்டையும் அழுத்தலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைச் சேர்த்துப் பழைய மெனுவையே நிரந்தரமாக்கும் வழி ஒன்று உண்டு. புதியவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. ரெஜிஸ்ட்ரியில் தவறான இடத்தில் கை வைத்தால் வருகிற சிக்கல், ஷிஃப்ட் விசையைப் பிடிக்கிற சிரமத்தை விடப் பல மடங்கு பெரியது. பெயர் மாற்ற எஃப் 2, விவரம் பார்க்க ஆல்ட் எண்டர், புதிய ஃபோல்டருக்குக் கண்ட்ரோல் ஷிஃப்ட் 'என்' (N), விவரப் பட்டியல் ('டீடெயில்ஸ்') தோற்றத்துக்குக் கண்ட்ரோல் ஷிஃப்ட் 6 என்று நான்கு விசைகளைப் பழகிக்கொண்டால், ரைட் கிளிக்கின் தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

வேலை மாறிய விசைகள்

விசைகள் பெரும்பாலும் மாறுவதில்லை என்று சொன்னேன். கண்ட்ரோலோடு இசட், எக்ஸ், சி, வி ஆகியவை அப்படியே இருக்கின்றன. விண்டோஸில் அவற்றுக்கும் முந்திய, 1987-இல் ஐ.பி.எம். வகுத்த நெறியைச் சேர்ந்த ஷிஃப்ட் இன்சர்ட் இன்றும் ஒட்டுகிறது. ஆல்ட் எஃப் 4 இன்றும் சாளரத்தை மூடுகிறது. விண்டோஸ் விசையோடு டி, இ, எல், ஆர், ஐ ஆகியவையும் மாறவில்லை. ஆனால் மாறிய சிலவற்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் கை திடுக்கிடும்.

விண்டோஸ் விசையோடு ஏ அழுத்தினால் முன்பு அறிவிப்புகளும் விரைவுப் பொத்தான்களும் ஒன்றாக வந்தன. இப்போது ஏ, வைஃபை, ஒலி போன்ற பொத்தான்களை மட்டும் காட்டும். அறிவிப்புகளும் நாள்காட்டியும் 'என்' (N) விசைக்குப் போய்விட்டன. டபிள்யூ முன்பு பேனாவால் எழுதும் பகுதியைத் திறந்தது, இப்போது வானிலை, செய்தி போன்றவற்றைக் காட்டும் விட்ஜெட்டுகளைத் திறக்கிறது. சி விசையின் கதை நீளமானது: விண்டோஸ் 8-இல் ஓரப்பட்டை, 10-இல் கோர்ட்டானா என்ற குரல் உதவி, 11 வந்தபோது டீம்ஸ் அரட்டை, பின்னர் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவி என்று அதன் வேலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதை நம்பி எந்தப் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட அதிகம் பேரைத் தடுமாற வைத்தது பிரிண்ட் ஸ்கிரீன் விசை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்றானதிலிருந்து, விடுதி வைத்திருப்பவர்கள் விருந்தினருக்காகத் திரையைப் படம் எடுத்து அச்சிட்டுக் கொடுப்பது அன்றாட வேலையாகிவிட்டது. முன்பு அந்த விசையை அழுத்தினால் முழுத் திரையும் சத்தமில்லாமல் நினைவில் ஏறும்; வேர்டில் ஒட்டி அச்சிடலாம். இப்போது திரை மங்கி, மேலே ஒரு சிறு பட்டை வந்து, எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கிறது. தேவையான பகுதியை மட்டும் வெட்ட இது உண்மையில் நல்ல வசதி. சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு முன்போலவே ஒட்டலாம். பழைய முறையே வேண்டும் என்றால் 'செட்டிங்ஸ்', 'ஆக்சசிபிலிட்டி', 'கீபோர்ட்' சென்று, பிரிண்ட் ஸ்கிரீன் விசையால் திரைப்பிடிப்பைத் திறக்கும் தெரிவை அணைத்துவிடுங்கள். எதையும் மாற்ற விரும்பாதவர்களுக்கு ஆல்ட் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தும் வழி இருக்கிறது. முன்னால் உள்ள சாளரம் மட்டும் நகலாகும். விண்டோஸ் விசையோடு அதை அழுத்தினால் முழுத் திரையும் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில் உள்ள 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற இடத்தில் கோப்பாகவே சேமிக்கப்படும்.

மீளாதவையும் அவற்றுக்கு ஈடானவையும்

டாஸ்க்பாரில் தனிப்பட்டைகளைச் சேர்க்கும் வசதியை விண்டோஸ் 11 எடுத்துவிட்டது. ஆகவே பழைய 'க்விக் லாஞ்ச்' பட்டையை வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்காது. இதற்கு ஈடாக நான் எல்லோருக்கும் சொல்லித் தருவது எண் விசைகள். அடிக்கடி வேண்டிய மென்பொருள்களை டாஸ்க்பாரில் குத்தி ('பின் டு டாஸ்க்பார்'), மாறுவதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து அதே வரிசையில் அடுக்குங்கள். விண்டோஸ் விசையோடு 1 அழுத்தினால் முதலாவது திறக்கும், 2 அழுத்தினால் இரண்டாவது. ஏற்கெனவே திறந்திருந்தால் அது முன்னால் வரும். இரண்டு கோப்புகள் திறந்திருந்தால், விண்டோஸ் விசையை விடாமல் எண்ணை மீண்டும் அழுத்த அடுத்ததற்குப் போகும். அக்காவின் கணினியில் 1 எக்செல், 2 உலாவி, 3 கால்குலேட்டர். ஒரு வாரத்தில் அவர் கை மவுஸைத் தேடிப் போவது குறைந்துவிட்டது.

தனி விசை வைத்த குறுக்குவழிகளை, நோட்டில் குறித்ததைப் பார்த்துத் திரும்ப அமைத்துக்கொள்ளலாம். குறுக்குவழிப் படத்தின் மீது ஆல்ட் எண்டர் அழுத்தி, 'ஷார்ட்கட் கீ' கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்தால், கண்ட்ரோல் ஆல்ட் இரண்டும் அதோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். இங்கே பலர் தவறுகிற ஓர் இடம் உண்டு. அந்தக் குறுக்குவழி டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் விசை வேலை செய்யும். டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாப் படங்களையும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளினால், விசையும் அன்றோடு நின்றுவிடும். எண் 4-ஐ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தால் வலப்பக்க ஆல்ட்டுக்குச் சமம் என்பதால் ₹ குறியோடு மோதும்.

இதற்குமேலும் விசைகளை மாற்றியமைக்க வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் 'கீபோர்ட் மேனேஜர்' என்ற கருவி உள்ளது. ஒரு விசையின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுக்கலாம். அந்தத் தொகுப்பு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் மாற்றம் செல்லும். விண்டோஸ் எல், கண்ட்ரோல் ஆல்ட் டிலீட் ஆகிய இரண்டையும் அதனாலும் மாற்ற முடியாது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் இதை நான் தவிர்ப்பேன், ஏனென்றால் உங்கள் வசதிக்கு மாற்றிய விசை அடுத்து உட்காருகிறவருக்குப் பொறியாகிவிடும்.

பிள்ளைகளின் பழைய மடிக்கணினிகள் சிலவற்றில், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கும் இதே கதை உண்டு. 20.04 பதிப்பிலிருந்து 22.04-க்கு மாறியதும், பணிவெளிகளுக்கு (சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகள்) இடையே மேலும் கீழும் போக உதவிய கண்ட்ரோல் ஆல்ட் அம்புக்குறிகள் இடமும் வலமுமாகத் திரும்பிவிட்டன, ஏனென்றால் பணிவெளிகளே பக்கவாட்டில் அடுக்கப்பட்டுவிட்டன. பிரிண்ட் ஸ்கிரீன் அங்கும் பட்டையைத் திறக்கிறது. ஷிஃப்ட்டோடு அழுத்தினால் முழுத் திரையும் உடனே சேமிக்கப்படும். 'செட்டிங்ஸ்', 'கீபோர்ட்' பகுதியில் உள்ள குறுக்குவிசைப் பட்டியலில் எல்லாவற்றையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸை விட இதில் உபுண்டு தாராளமானது.

பத்து நாள்

மாறிய நாளிலிருந்து பத்து நாள் வரை பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகும் வாய்ப்பை விண்டோஸ் தருகிறது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரிகவரி' என்ற பக்கத்தில் 'கோ பேக்' பொத்தானாக அது இருக்கும். இந்தப் பத்து நாளையும் நோட்டோடு கழியுங்கள். ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து, இடப்பக்கத்தில் எழுதிய பழக்கங்களில் எதற்கு ஈடு கிடைத்துவிட்டதோ அதை அடித்துவிட்டு, அதற்கு நேரே வலப்பக்கத்தில் புதிய விசையை எழுதுங்கள். ஒரே நாளில் பத்து விசைகளைப் பழக வேண்டாம். நாளைக்கு இரண்டு போதும். அவற்றைச் சிறு காகிதத்தில் தமிழில் பெரிதாக எழுதித் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டுங்கள், கை பழகியதும் கிழித்துவிட்டு அடுத்த இரண்டை ஒட்டுங்கள். வயதானவர்களுக்குச் சொல்லித் தரும்போது அவர்கள் கையிலிருந்து மவுஸை வாங்கி நாமே செய்துவிடக் கூடாது. தாமதமானாலும் அவர்கள் விரலே அந்த விசையை அழுத்த வேண்டும்.

ஒன்பதாம் நாள் மாலை, அடிபடாமல் மிஞ்சியிருப்பவற்றைப் பாருங்கள். மிஞ்சியவை வெறும் பழக்கங்கள் என்றால் புதிய பதிப்பிலேயே இருந்துகொள்ளலாம். எடை இயந்திரத்தோடு இணைந்த மென்பொருளோ பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சு இயந்திரமோ ஓடவே இல்லை என்றால், கோப்புகளை மீண்டும் ஒருமுறை பிரதி எடுத்துவிட்டு, பத்தாம் நாள் முடியும் முன் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். அதன் பிறகு பழைய பதிப்பின் கோப்புகளை விண்டோஸ் தானாகவே அழித்துவிடும். அக்காவின் நோட்டில் ஒன்பதாம் நாள் ஒரே ஒரு வரி மிஞ்சியிருந்தது: டாஸ்க்பாரில் முன்பு வைத்திருந்த தனிப்பட்டை. அவர் அதற்கு நேரே 'விண்டோஸ் 1' என்று எழுதி, தேதி போட்டு, நோட்டை எடைச் சீட்டுகளோடு மேசை டிராயரில் வைத்தார்.